மணலி, எண்ணூர் பக்கம் காற்று மாசும் சளிக்காய்ச்சலும்: ஜன்னலைத் திறப்பதா, மூடுவதா?

கேள்வி: வடசென்னைத்தெரு

வணக்கம். மணலி, சடையங்குப்பம், எண்ணூர் தெருக்களில் கொடுப்பதற்காக இரண்டு பக்கத் துண்டறிக்கை ஒன்று தயாராகிறது. "காற்று கெட்டுப்போனதால்தான் பிள்ளைகளுக்கு மாதம் தவறாமல் சளி பிடிக்கிறது" என்று தெருவில் பேசுகிறார்கள். "சளிக்காய்ச்சல் வைரஸால் வருவது, புகைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை" என்று இன்னொரு பக்கம் பேச்சு. தப்பாக எதையும் அச்சடித்துவிடக் கூடாது என்பதால் இங்கே கேட்கிறேன்.

மாசு வைரஸ் தொற்றைக் கூட்டுகிறது என்பதற்கு ஆதாரம் எவ்வளவு உறுதி? புகை அதிகமான நாளிலேயே பாதிப்பு தெரியுமா, தாமதமாகத் தெரியுமா? கொரோனா காலத்தில் ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்றார்கள், புகை நாளில் மூடி வையுங்கள் என்கிறார்கள். இதில் எதை எழுதுவது? மாஸ்க், காற்றுச் சுத்திகரிப்பான் இவற்றுக்கு அளவுக் கணக்கு உண்டா? கைக்குழந்தை உள்ள வீட்டுக்குத் தனியாக என்ன சொல்ல வேண்டும்? காரணத்தோடு சொன்னால்தான் வாசிப்பவர்கள் நம்புவார்கள்.

---

பதில் 1: நுண்தூசி

வைரஸ் இல்லாமல் ஃப்ளூ வராது. எத்தனை லாரிப் புகையைக் குடித்தாலும் புகையிலிருந்து ஃப்ளூ பிறக்காது. ஆனால் அந்த வைரஸ் உள்ளே போகும் வழியில் இருக்கிற காவலைப் புகை முடக்குகிறது. துண்டறிக்கையில் இந்த ஒரு விஷயம் தெளிவாக வந்துவிட்டால் மீதியை விளக்குவது சுலபம்.

மூச்சுக்குழாயின் உட்சுவரில் ஒவ்வொரு செல்லிலும் 200 அளவுக்கு நுண்மயிர்கள் இருக்கின்றன. அவை நொடிக்கு 10 முதல் 15 தடவை ஒரே திசையில் அடித்து, மேலே படிந்த சளிப்படலத்தைத் தொண்டைப் பக்கமாகத் தள்ளுகின்றன. படலம் நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் நகரும். தூசியும் வைரஸும் அதில் ஒட்டிக்கொண்டு மேலே வந்துவிடும், நாம் அதை விழுங்கிவிடுவோம். டீசல் புகை, ஓசோன், கந்தக டை ஆக்சைடு மூன்றும் இந்த மயிர்களின் வேகத்தைக் குறைக்கும், சளியைக் கெட்டியாக்கும். அப்போது உள்ளே வந்த வைரஸ் செல்லைத் தொட்டுக்கொண்டு நிற்கும் நேரம் கூடிப்போகிறது.

அடுத்தது செல்களுக்கு இடையிலான இணைப்பு. நுண்துகள்களில் ஒட்டியிருக்கும் இரும்பு, செம்பு, வனேடியம் போன்ற உலோகங்களும் எரியாத கரிமப் பொருட்களும் செல்லுக்குள் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை உண்டாக்கும். இணைப்புகள் தளரும். சாதாரணச் சளிக்குக் காரணமான ரைனோ வைரஸ் பற்றிக்கொள்ளும் ஐகேம்-1 என்ற ஏற்பி, நைட்ரஜன் டை ஆக்சைடோ ஓசோனோ பட்ட செல்களில் கூடுதலாக முளைப்பதை ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். கதவில் தாழ்ப்பாள் தளர்ந்ததோடு கைப்பிடியும் பெரிதாகிவிட்ட மாதிரி.

மூன்றாவதாக, நுரையீரல் காற்றுப் பைகளில் சுற்றும் மேக்ரோபேஜ் செல்கள். இவைதான் அங்கே துப்புரவு வேலை பார்ப்பவை. கரித்துகளை விழுங்கி விழுங்கி வயிறு நிரம்பியவை கிருமியை விழுங்கும் வேகத்தை இழக்கின்றன. வைரஸ் காய்ச்சல் தணிகிற நேரத்தில் நிமோகாக்கஸ் பாக்டீரியா புகுந்து நிமோனியாவாக மாறுவது இந்த இடத்தில்தான்.

மனிதர்களிடமே செய்து பார்த்த சோதனையும் உண்டு. அமெரிக்காவில் வட கரோலினா பல்கலைக்கழகக் குழு தன்னார்வலர்களை 2 மணி நேரம், கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம் அளவு டீசல் புகையில் உட்காரவைத்து, பிறகு மூக்கில் வலுவிழக்கச் செய்த ஃப்ளூ தடுப்பு மருந்தைத் தெளித்தது. அதில் இருப்பது உயிருள்ள வைரஸ், நோய் தராது. மூக்கு ஒவ்வாமை உள்ளவர்களிடம், சுத்தமான காற்றைச் சுவாசித்தவர்களைவிட, புகையைச் சுவாசித்தவர்களின் மூக்கில் வைரஸ் அளவு அதிகமாக இருந்தது. 2012இல் வெளியான ஆய்வு. உள்ளே போன மருந்து ஒரே அளவுதான், காற்று மட்டும் வேறு.

100 மைக்ரோகிராம் என்பது எங்கோ கேள்விப்படும் எண் என்று நினைக்க வேண்டாம். துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் எஞ்சினை அணைக்காமல் நிற்கும் நேரத்திலும், போகிப் பண்டிகை விடியலிலும் அதைத் தாண்டும்.

---

பதில் 2: எண்ணிக்கை

மேலே உள்ளது உடலுக்குள் நடப்பது. ஊரளவில் என்ன தெரிகிறது என்பதைச் சொல்கிறேன். கூடவே, எவ்வளவு தூரம் சொல்லலாம் என்ற எல்லையும்.

தாமதம் பற்றிக் கேட்டீர்கள். இதற்கு நல்ல பதில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலிருந்து வந்தது. மலைகளுக்கு நடுவே குளிர்காலத்தில் புகை மூடிப் போட்டமாதிரி தேங்கும் பள்ளத்தாக்கு அது. 1999 முதல் 2016 வரை கீழ்மூச்சுக்குழாய்த் தொற்றுக்காக வந்த ஏறக்குறைய 1,46,000 பேரின் பதிவுகளைப் பார்த்தார்கள். அதில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் 2 வயது வரையான குழந்தைகள். பிஎம் 2.5 (2.5 மைக்ரானும் அதற்குக் குறைவுமான நுண்துகள்) கூடிய பிறகு முதல் வாரத்திலேயே தொற்று ஏறத் தொடங்கி, 3 வாரம் கழித்து உச்சத்துக்குப் போனது. தாமதத்துக்குக் காரணம் உண்டு: வைரஸ் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவ வேண்டும், உடலில் பெருக வேண்டும், மார்புக்கு இறங்க வேண்டும். அதனால் "நேற்று புகை, இன்று பிள்ளைக்குக் காய்ச்சல்" என்று முடிச்சுப் போட்டு எழுதாதீர்கள். புகைக்கு அடுத்த 1 முதல் 4 வாரம் வரை கவனம் என்று எழுதுங்கள். அன்றைக்கே தெரிகிற இருமலும் கண் எரிச்சலும் நேரடி எரிச்சல், அது தொற்று அல்ல.

அதே மாநிலத்தில் இன்னொரு பழைய சான்று. ஒரு பெரிய உருக்காலை 1986 ஆகஸ்டு முதல் 1987 செப்டம்பர் வரை மூடிக் கிடந்தது. ஆலை ஓடிய குளிர்காலங்களில் பள்ளிக்குப் போகாத வயதுக் குழந்தைகள் மூச்சுக்குழல் அழற்சிக்கும் ஆஸ்துமாவுக்கும் மருத்துவமனையில் சேர்ந்த எண்ணிக்கை, மூடியிருந்த குளிர்காலத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. "அந்த வருடம் ஆர்எஸ்வி (சின்னக் குழந்தைகளின் மார்பைத் தாக்கும் வைரஸ்) குறைவு, அதுதான் காரணம்" என்று எதிர்வாதம் எழுந்தது. உருக்காலை இல்லாத வேறொரு பள்ளத்தாக்கில் அதே குளிர்காலத்தில் அப்படிக் குறையவில்லை என்பது அதற்கான பதில். ஆலையருகே வாழ்பவர்களுக்கு இந்த உதாரணம் சட்டென்று புரியும்.

வாயுக்களையும் விட்டுவிடக் கூடாது. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் ஆஸ்துமா உள்ள, 8 முதல் 11 வயது வரையான 114 பிள்ளைகளை 13 மாதம் வரை தொடர்ந்து கவனித்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் சுவாசித்த நைட்ரஜன் டை ஆக்சைடை வாராவாரம் அளந்தார்கள். சளி தொற்றுவதற்கு முந்தைய வாரத்தில் அந்த வாயுவை அதிகம் சுவாசித்தவர்களுக்கு, வைரஸ் வந்ததும் இழுப்பும் மார்பு அறிகுறிகளும் கடுமையாக இருந்தன. 2003இல் வந்தது. இந்த வாயு வாகனப் புகையில் மட்டுமல்ல, சமையல் கேஸ் அடுப்பிலும் வரும்.

இனி எல்லை. 2020இல் ஸ்பெயினின் கேட்டலோனியாவில் 9,600 பேர் அளவில் செய்த ஆய்வில், மாசு அதிகமான பகுதியில் இருந்தவர்களுக்குக் கொரோனா தொற்றுவது கூடியதாகத் தெரியவில்லை. தொற்றியவர்களிடம் நோய் கடுமையாவது கூடியது. இந்த வித்தியாசம் முக்கியம். "புகை இருந்தால் வைரஸ் தொற்றும்" என்பதைவிட "தொற்றினால் கடுமையாகும் வாய்ப்பு கூடும்" என்பதற்கு ஆதாரம் வலுவானது.

நம் ஊரிலேயே நடந்த பெரிய சோதனையையும் சொல்லியாக வேண்டும். விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகளிலும், குவாத்தமாலா, பெரு, ருவாண்டாவிலும் சேர்த்து 3,200 கர்ப்பிணிகளின் குடும்பங்கள். பாதிப்பேருக்கு இலவச கேஸ் அடுப்பும் தொடர்ச்சியான சிலிண்டரும், மற்றவர்கள் விறகு அடுப்பிலேயே. தமிழ்நாட்டுப் பகுதியை நடத்தியது சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனம். குழந்தை சுவாசித்த பிஎம் 2.5 கன மீட்டருக்கு விறகு வீடுகளில் 66 மைக்ரோகிராம், கேஸ் வீடுகளில் 24. அப்படியிருந்தும் முதல் வயதுக்குள் வந்த கடும் நிமோனியா இரு பக்கமும் ஏறக்குறைய சமம்: விறகு 90, கேஸ் 85. 2024இல் வெளியான முடிவு. இதை மறைத்துவிட்டு அறிக்கை போடக் கூடாது. என் வாசிப்பு: 24 என்பதும் உலக சுகாதார நிறுவனத்தின் ஆண்டு அளவான 5ஐப் போல ஐந்து மடங்கு, பக்கத்து வீட்டுப் புகை, குப்பைப் புகை எல்லாம் மிச்சம் இருந்தன. ஒரு வீட்டின் அடுப்பை மட்டும் மாற்றினால் போதாது என்றுதான் இதற்குப் பொருள், அடுப்பு மாற்றுவது வீண் என்று பொருளில்லை. குவாத்தமாலாவில் 2002–2004இல் புகைபோக்கி அடுப்பு கொடுத்த முந்தைய சோதனையில் கடும் நிமோனியா மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அங்கே தொடக்கத்தில் இருந்த புகை மிகப் பயங்கரம்.

---

கருத்து: கடலோரம்

ஒரு சந்தேகம். தமிழ்நாட்டில் காய்ச்சல் கூட்டம் அலைமோதுவது அக்டோபர், நவம்பர் மழையில். அப்போதுதான் மழை தூசியைக் கழுவிவிட்டு காற்று சுத்தமாக இருக்கும். மாசுதான் காரணம் என்றால் தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

---

பதில் 3: எண்ணிக்கை

சரியான கேள்வி. ஃப்ளூ எப்போது வரும் என்பதை முடிவு செய்வது பருவம், ஈரப்பதம், பள்ளி திறப்பு, ஜன்னல் சாத்திய அறைகளில் கூட்டம் சேர்வது ஆகியவை. சென்னை, வேலூரில் ஃப்ளூ உச்சம் அக்டோபர்–நவம்பர், டெல்லியில் ஜூலை–செப்டம்பர். டெல்லியின் புகை மூட்டமோ நவம்பரில் தொடங்குகிறது. ஆக, இரண்டு ஊரிலும் மாசின் உச்சமும் ஃப்ளூவின் உச்சமும் ஒன்றாக விழுவதில்லை. மாதத்துக்கு மாதம் ஒப்பிட்டால் எதையும் நிரூபிக்க முடியாது.

யூட்டா ஆய்வு இதைச் சமாளித்தது எப்படி என்றால், ஒரே நபரைத் தனக்கே ஒப்பிட்டது. நோய் வந்த நாளுக்கு முந்தைய நாட்களின் காற்றையும், அதே மாதத்தில் அதே கிழமையில் வரும் மற்ற நாட்களின் காற்றையும் வைத்துப் பார்ப்பது. பருவம், வயது, ஏழ்மை, வீடு எல்லாம் இரு பக்கமும் ஒன்றே. காற்று மட்டும் மாறுகிறது. வைரஸ் ஊரில் சுற்றும்போது புகை சேர்ந்தால் சேதம் எவ்வளவு கூடுகிறது என்பதுதான் இதில் கிடைக்கும் விடை. நம் பகுதிக்கு டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை அப்படிப்பட்ட காலம்: மழைக்கால வைரஸ்கள் முழுசாக அடங்கியிருக்காது, விடியற்காலைப் பனியில் புகை தரைமட்டத்தில் தங்கும், நடுவில் போகி வரும்.

---

பதில் 4: வடிகட்டி

ஜன்னல், மாஸ்க், மெஷின் கணக்கு. நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜன்னல். 12க்கு 10 அடி அறை, 10 அடி உயரம்: 1,200 கன அடி, அதாவது 34 கன மீட்டர். பெற்றோர், இரண்டு பிள்ளைகள் படுத்திருக்கிறார்கள். நான்கு பேரும் சேர்ந்து மணிக்கு 40 லிட்டர் அளவு கரியமில வாயுவை வெளிவிடுவார்கள். ஸ்ப்ளிட் ஏசி ஓடுகிறது, எல்லாம் சாத்தியிருக்கிறது, கதவிடுக்கு வழியாக மணிக்கு அரைப்பங்கு காற்றுதான் மாறுகிறது என்றால் விடிவதற்குள் கரியமில வாயு 2,500 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 2,500 பங்கு) தாண்டும். வெளிக்காற்றில் 420 சொச்சம்தான். அடுத்தவர் விட்ட மூச்சைத் திரும்பத் திரும்ப இழுக்கிறோம் என்பதற்கு இதுவே அளவுகோல். ஒருவருக்கு வைரஸ் இருந்தால் நான்கு பேருக்கும் பங்கு. ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதே இல்லை என்பதைத் துண்டறிக்கையில் கட்டாயம் போடுங்கள், பலருக்குத் தெரியாது.

அதனால் திறப்பதா மூடுவதா என்பதற்கு விடை நேரத்தைப் பொறுத்தது. இரவில் தரையோடு ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கிடக்கும், மேலே இருக்கிற வெதுவெதுப்பான காற்று அதன்மேல் மூடியாக உட்காரும். புகை ஏற வழியில்லாமல் பின்னிரவிலிருந்து காலை 8 மணி வரை அடர்ந்து நிற்கும். வெயில் ஏறியதும் மூடி உடையும். சென்னையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்றும் வந்துவிடும். எனவே பொதுவாகக் காலை 10 முதல் மாலை 4 வரை எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். காலை 5 முதல் 8 வரையும், தெருவில் யாராவது குப்பையை எரிக்கும்போதும் சாத்துங்கள். ஒன்று கவனம்: எண்ணூர், மணலிக்குக் காற்றின் திசை எல்லாவற்றையும் மாற்றிவிடும். ஆலை இருக்கும் பக்கத்திலிருந்து காற்று அடித்தால் மதியமும் மோசம்தான். மூக்கையும், பக்கத்துக் கண்காணிப்பு நிலையத்தின் மணிவாரி அளவையும் பாருங்கள்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் "சமீர்" செயலியில் மணலி, ராயபுரம், கொடுங்கையூர் நிலையங்கள் இருக்கின்றன. அதில் பெரிதாகத் தெரியும் ஏகியூஐ (காற்றுத் தரக் குறியீடு) 24 மணி நேரச் சராசரி. காலை 6 மணிக்கு 200 மைக்ரோகிராம் இருந்து மதியம் 30 ஆகிவிட்டால் சராசரி அடங்கிப்போய்த் தெரியும். மணிவாரி வரைபடத்தைத் திறந்து பாருங்கள். இன்னொன்று: ஏகியூஐ 100 வரை "திருப்திகரம்" என்று பச்சையாகக் காட்டும். அது பிஎம் 2.5 அளவு 60க்குச் சமம், அதாவது உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளுக்குச் சொல்லும் 15ஐப் போல நான்கு மடங்கு. கைக்குழந்தை, இழுப்புக்காரர், வயதானவர் இருக்கிற வீட்டில் அந்தப் பச்சையை நம்பி உட்காரக் கூடாது.

இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய்க்கு விற்கும் கைக்கருவிகள் லேசர் ஒளி சிதறுவதை வைத்துத் துகளை எண்ணுபவை. ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் போனால் துகள் தண்ணீரை இழுத்து ஊதிவிடும், கருவி இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். மழை நாள் எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கொசுவத்திக்கு முன்னும் பின்னும், ஜன்னலுக்கு முன்னும் பின்னும் என்று ஒப்பிடுவதற்கு அது போதும்.

சுத்திகரிப்பான். இது புகையையும் வைரஸையும் ஒரே நேரத்தில் குறைக்கும், ஜன்னல் குழப்பத்துக்கு இதுதான் வழி. வைரஸ் தனியாக மிதப்பதில்லை. பெரும்பாலும் எச்சில் துளி காய்ந்த சில மைக்ரான் துகளில் இருக்கிறது, ஹெபா (நுண்துகளைப் பிடிக்கும் நெருக்கமான இழை வடிகட்டி) அதைப் பிடித்துவிடும். அளவு: மணிக்கு 5 தடவை அறைக் காற்றை வடிகட்ட வேண்டும். 34ஐ 5ஆல் பெருக்கினால் 170. பெட்டியில் "சிஏடிஆர்" (மெஷின் தரும் சுத்தக் காற்றின் அளவு) மணிக்கு இத்தனை கன மீட்டர் என்று போட்டிருக்கும். ஆனால் அது உச்ச வேகத்தில். அந்த இரைச்சலில் யாரும் தூங்க முடியாது என்று பாதி வேகத்துக்குக் குறைத்துவிடுவார்கள், பலனும் பாதியாகிவிடும். ஆகவே இந்த அறைக்கு 300 முதல் 350 உள்ளதை வாங்கி நடு வேகத்தில் ஓட்டுங்கள். சதுர அடிக் கணக்கை நம்பாதீர்கள், கம்பெனிகள் அதைத் தாராளமாகப் போடும்.

கெட்டுப்போவது எங்கே? சுவரோடு ஒட்டி வைப்பது (சுற்றிலும் ஓர் அடி இடைவெளி வேண்டும்), முன்வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தட்டித் துடைக்காமல் விடுவது, ஹெபாவைத் தண்ணீரில் கழுவுவது. கழுவினால் இழைகள் ஒட்டிக் கிழியும், பார்ப்பதற்குச் சுத்தமாக இருக்கும், வடிகட்டாது. வாயு நாற்றத்துக்கு ஹெபா உதவாது. கரி வடிகட்டி வேண்டும். மெல்லிய கரித்தாள் சில வாரங்களில் நிரம்பிவிடும். ஆலைப் பக்கம் இருப்பவர்கள் கந்தக நெடி போகும் என்று நம்பி விலை உயர்ந்ததை வாங்க வேண்டாம்.

டேபிள் ஃபேனுக்குப் பின்னால் ஹெபாவைக் கட்டித் தாங்களே செய்யலாமா என்று கேட்பார்கள். இறக்கை மின்விசிறிக்குக் காற்றை அழுத்தித் தள்ளும் திறன் குறைவு. ஒரு சின்ன ஹெபாவை வைத்தால் காற்று வராது, மோட்டார் சூடேறும். பரப்பைக் கூட்ட வேண்டும். அமெரிக்காவில் பரவிய கோர்சி–ரோசன்தால் பெட்டி நான்கு பக்கமும் 20 அங்குல எம்இஆர்வி 13 (வடிகட்டியின் திறனைக் குறிக்கும் தர எண்) வடிகட்டியை வைப்பது அதனால்தான். இடுக்குகளை டேப் போட்டு அடைக்காவிட்டால் காற்று வடிகட்டியைச் சுற்றிக்கொண்டு போய்விடும்.

மாஸ்க். என்95 அல்லது எஃப்எஃப்பி2. இந்தியத் தரம் ஐஎஸ் 9473 என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். காதுக்கயிறைவிடத் தலைக்குப் பின்னால் போகும் இரட்டைப் பட்டை நன்றாகப் பொருந்தும். போட்டதும் இரு கையாலும் மூடிப் பலமாக ஊதுங்கள். கண்ணுக்கோ கன்னத்துக்கோ காற்று வந்தால் மூக்குக் கம்பியைத் திரும்ப அழுத்துங்கள். தாடி இருந்தால் பொருந்தாது. சோப்புப் போட்டுத் துவைத்தாலும் சானிட்டைசர் தெளித்தாலும் இழையின் மின்னூட்டம் போய் வெறும் துணியாகிவிடும். நம் ஊர் வியர்வையில் நனைந்தால் காயவிட்டு அடுத்த நாள் போடுங்கள்; பட்டை தொய்ந்தால் தூக்கிப் போடுங்கள். வால்வு வைத்தது புகைக்குப் போதும், ஆனால் போட்டிருப்பவருக்கே சளி இருந்தால் அதை வெளியே விட்டுவிடும். 2 வயதுக்குக் கீழ் எந்த மாஸ்க்கும் கூடாது.

---

பதில் 5: குழந்தைநலம்

கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு ஆலைப் புகைக்கு முன்னால் வீட்டுப் புகையை எழுதுங்கள். அது உடனே நிறுத்தக்கூடியது, அதோடு குழந்தையின் மூக்குக்கு அரை அடி தூரத்தில் இருப்பது.

குளிப்பாட்டிய பிறகு தலை காயச் சாம்பிராணி காட்டுவதை நிறுத்தச் சொல்லுங்கள். பாட்டிகள் வருத்தப்படுவார்கள், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். கரி நெருப்பில் நுண்துகளோடு கார்பன் மோனாக்சைடும் வருகிறது. பெரியவரைவிடக் குழந்தை எடைக்கணக்கில் அதிகக் காற்றை இழுக்கும், மூச்சுக்குழாயோ நூலளவு. உள்ளே கொஞ்சம் வீங்கினாலே வழி பாதி அடைந்துவிடும். மெல்லிய பருத்தித் துண்டால் ஒற்றி எடுத்தால் தலை காயும். வழக்கத்தை விட மனமில்லாதவர்கள் குழந்தை இல்லாத அறையில் காட்டிவிட்டு, புகை அடங்கிய பின் தூக்கிவரட்டும்.

கொசுவத்திச் சுருள்: ஒரு சுருள் முழுக்க எரிந்தால் வரும் பிஎம் 2.5, 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்று 2003இல் அளந்திருக்கிறார்கள். மூடிய அறையில் இரவு முழுக்க. டெங்கு பயம் நியாயமானது, அதனால் "சுருளை நிறுத்துங்கள்" என்று மட்டும் எழுதினால் யாரும் கேட்க மாட்டார்கள். கொசுவலையும் ஜன்னல் வலையும் என்று மாற்றையும் சேர்த்து எழுதுங்கள். தாளிக்கும்போதும் மிளகாய் வறுக்கும்போதும் குழந்தை சமையலறையில் வேண்டாம். எக்ஸாஸ்ட் ஃபேனை அடுப்பு அணைத்த பிறகும் 10 நிமிடம் விடுங்கள். எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னல் திறந்திருந்தால்தான் அது இழுக்கும்.

தடுப்பூசி: நிமோகாக்கஸ் தடுப்பூசி அரசு அட்டவணையில் 6 வாரம், 14 வாரம், 9 மாதத்தில் இலவசம். நுண்தூசி சொன்ன மேக்ரோபேஜ் விஷயத்துக்கு நேரடி மருந்து இதுதான். ஃப்ளூ ஊசி 6 மாதம் நிறைந்த பிறகு. 9 வயதுக்குள் முதல்முறை போடுபவர்களுக்கு 4 வாரம் இடைவெளியில் 2 தவணை, பிறகு வருடம் ஒன்று. பலன் வர 2 வாரம் ஆகும், எனவே மழைக்கு முன்பே. 6 மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு அம்மா கர்ப்பத்தில் போட்டுக்கொள்ளும் ஊசிதான் காப்பு. ஆஸ்துமா உள்ளவர்கள் தினசரி எடுக்கும் ப்ரிவென்டர் இன்ஹேலரைச் சளி பிடித்தவுடன் நிறுத்துகிறார்கள். அப்போதுதான் அது மிகவும் தேவை. ஆவி பிடிப்பது வைரஸை ஒன்றும் செய்யாது, வெந்நீர் கொட்டிப் பிள்ளைகள் வெந்துபோகிறார்கள்.

கடைசியாக இந்தக் கணக்கைக் கட்டம் கட்டிப் போடுங்கள். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, முழு 60 நொடி மூச்சை எண்ணுங்கள். 2 மாதத்துக்குள் 60, 2 மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒரு வயது முதல் 5 வயது வரை 40. இந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ அன்றே மருத்துவரிடம். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்காதீர்கள், குழந்தையின் மூச்சு சீராக இருக்காது, தப்பாக வரும். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தால், பால் குடிக்க மறுத்தால், உதடு நீலமானால், காத்திருக்காமல் 108.

---

கருத்து: வடசென்னைத்தெரு

எல்லோருக்கும் மிக்க நன்றி. இரண்டு விஷயம் மட்டும். வைரஸ் தூசி மேல் ஏறிப் பறந்து வரும் என்று 2020இல் செய்திகள் வந்தன, அதைப் போடலாமா? பக்கத்துக் கடையில் "அயனி, ஓசோன்" என்று ஒரு மெஷின் மலிவாகக் கிடைக்கிறது, வைரஸைக் கொல்லும் என்று எழுதியிருக்கிறது. சிபாரிசு செய்யலாமா?

---

பதில் 6: வடிகட்டி

முதலாவது வேண்டாம். இத்தாலியின் பெர்கமோ பகுதியில் தூசி வடிகட்டிகளில் கண்டது வைரஸின் ஆர்என்ஏ (அதன் மரபுப் பொருள்) துண்டு. உயிருள்ள வைரஸ் தூசியில் ஏறித் தெருத்தெருவாகப் போய்த் தொற்றியதற்கு அது சான்றாகாது. பயந்துபோய் மதியமும் ஜன்னலைச் சாத்திவிடுவார்கள், அதுதான் மிச்சம்.

இரண்டாவது கண்டிப்பாக வேண்டாம். ஓசோன் வைரஸை அழிக்கும் என்பது உண்மைதான், ஆனால் அதற்குத் தேவையான அளவில் ஆள் அந்த அறையில் இருக்க முடியாது. ஆள் இருக்கக்கூடிய அளவில் வைரஸ் சாகாது. பதில் 1இல் சொன்ன நுண்மயிர்களும் செல் இணைப்புகளும்தான் அடிபடும். தரைத் துடைப்பானில் இருக்கும் எலுமிச்சை, பைன் வாசனைப் பொருட்களோடு வினைபுரிந்து புதிதாக ஃபார்மால்டிஹைடையும் நுண்துகளையும் உண்டாக்கும். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் உள்ளே மின்விசிறியும் மடிப்பு மடிப்பாக வடிகட்டியும் இருக்கிறதா பார்க்கட்டும். இருந்தால் "அயனி" பொத்தானை அணைத்துவிட்டு ஓட்டலாம். இல்லாவிட்டால் பிளக்கைப் பிடுங்கிவிடலாம். அந்தப் பணம் ஒரு படுக்கையறைக்கு ஜன்னல் வலை அடிக்கக் காணும்.